பெரிய கிளப்புக்கு ஜெர்சி இல்லை

"நில்லுங்க! இன்னொரு அடி எடுத்து வெச்சீங்க... அப்புறம் நடக்கிறதே வேற!"

மாப்பைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றாள் அவள். இடுப்பு ஒடிய அரை மணி நேரம் துடைத்த தரை. அதன் நட்டநடுவில் சேறு அப்பிய இரண்டு ஷூக்கள். ஷூக்களுக்கு மேலே, மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன். அவன் தோளில் ஆளையே சாய்த்துவிடும் போல ஒரு பெரிய இரும்புப் பெட்டி.

"இதுவா... வெளியூர் டீமோட டிரஸ்ஸிங் ரூம்?"

அவன் கேட்ட தினுசில் அவளுக்கு உச்சி வரை சுர்ரென்று ஏறியது.

"ஆமா. ஏன், அரண்மனைன்னு நினைச்சு வந்தீங்களா?"

"இல்ல... சுவத்துல மூணு ஆணிதான் இருக்கு. எங்க ஆளுங்க பதினாலு பேரு."

"எங்க ஆணி பலமானது. ஒரு ஆணிக்கு அஞ்சு பேரைத் தொங்கவிடலாம்!"

அவன் சிரித்துவிட்டான். இமையில் தொங்கிய மழைத்துளி அந்தச் சிரிப்பில் உதிர்ந்து கன்னத்தில் வழிந்தது. ஐயோ... ஓர் ஆணுக்கு இவ்வளவு பெரிய கண்களா? சே, என்ன புத்தி இது! ஷூவைப் பார், சேற்றைப் பார் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

இந்தக் கால்பந்து கிளப்பில் ஜெர்சி துவைப்பது, தைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் அவள்தான். எல்லோரும் அவளை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஊசி இருப்பதால் என்பாள் அவள். வாயில் இருப்பதால் என்பார்கள் மற்றவர்கள். கிளப்பின் செயலாளர் அவளுடைய அப்பா. பதினோரு வருடமாகக் கடைசி இடத்தைச் சுற்றியே வந்துகொண்டிருந்த இந்தக் கிளப்புக்கு, கோப்பைப் போட்டியின் குலுக்கலில் அடித்தது யோகம். நாட்டிலேயே பெரிய கிளப், இந்த ஒழுகுகிற கூரை மைதானத்துக்கு இன்று விளையாட வருகிறது! எதிரே நிற்பவன் அந்தக் கிளப்பின் ஜெர்சிகளுக்குப் பொறுப்பாளன். ஆட்டக்காரர்களுக்கு முன்னால் பெட்டியோடு வந்து இறங்குவதால் அவனுக்குப் பெயரே 'பெட்டிக்காரன்'.

"பெரிய கிளப், பெரிய கிளப்னு குதிக்கிறாங்களே... அப்படி என்ன கொம்பு முளைச்சிருக்கு உங்களுக்கு?"

"கொம்பு இல்லைங்க. கோப்பை பதினெட்டு இருக்கு."

"அதை அலமாரியில வெச்சுப் பூட்டிடுவீங்க. அப்புறம்?"

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐம்பதாயிரம் பேர் வராங்க."

"ஜெயிக்கிறீங்க, வராங்க. எங்களுக்கு எழுநூறு பேர். பதினோரு வருஷமா அடி மேல அடி வாங்கறோம்... ஒரு தலை குறையலை. இதுல யாரு பெரிய கிளப், சொல்லுங்க?"

அவன் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, விளையாட்டுக்குக் கேட்ட கேள்வியை நிஜமாகவே யோசித்தான்.

"தோத்தா பேப்பர்ல வந்தா பெரிய கிளப். ஜெயிச்சா பேப்பர்ல வந்தா சின்ன கிளப். எனக்குத் தெரிஞ்சு அவ்வளவுதாங்க."

"அப்போ நாளைக்குப் பேப்பர்ல ரெண்டுத்துக்கும் இடம் விடச் சொல்லுங்க!"

மறுபடியும் அந்தச் சிரிப்பு. அவன் ஷூவைக் கழற்றி வெளியே வைத்தான். அவள் கையிலிருந்த மாப்பை வாங்கி, தன் சேற்றுத் தடத்தைத் தானே துடைத்தான். நாட்டிலேயே பெரிய கிளப்பின் ஆள்... அவளுக்கு வாய் அடைத்துப்போனது. அவளுக்கு வாய் அடைப்பது வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம்.

அவன் பெட்டியைத் திறந்து முதல் ஜெர்சியை எடுத்து ஆணியில் மாட்டினான்.

சிவப்பு.

அவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

"எ... என்னங்க இது? சிவப்பு?"

"ஆமா. எங்க நிறம் அதுதானே. நீங்க பச்சை, நாங்க சிவப்பு."

"பச்சை போன வருஷத்தோட போச்சு! இந்த வருஷம் நாங்க சிவப்பு! மூணு வாரம் முன்னாடியே என் கையால லெட்டர் எழுதினேனே... வேற நிறம் கொண்டு வாங்கன்னு!"

"எந்த லெட்டர்?"

"ஓகோ... சின்ன கிளப் லெட்டர்னா பிரிச்சுப் பார்க்கிறதே இல்லையா?"

"எங்க கிளப்புக்கு வர்ற ஒவ்வொரு லெட்டரையும் நான்தாங்க பிரிக்கிறேன். உங்க லெட்டர்... வரலை." அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

இந்தக் கூச்சலில் நடுவரும் அப்பாவும் உள்ளே வந்துவிட்டார்கள். அப்பாவின் மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, நான் எழுதிக் கொடுத்த லெட்டரைப் போஸ்ட் பண்ணீங்கதானே? இவர் வரலைன்னு சாதிக்கிறாரு!"

அப்பா கோட்டின் மேல், நெஞ்சுப் பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டார். பாவம், அப்பாவுக்குப் படபடப்பு என்று நினைத்தாள் அவள். பெட்டிக்காரன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவர் சிவப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு ஆட்டம். அரை மணி சலுகை. நாலரைக்குள்ள வேற நிறத்துல இறங்கலைன்னா, உள்ளூர் கிளப் ஜெயிச்சதுன்னு எழுதிடுவேன்."

எழுதிவிட்டுப் போகட்டுமே! அவளுக்குள் ஒரு நொடி பட்டாசு வெடித்தது. பெரிய கிளப்பை... நாங்கள்... ஜெயித்து! அடுத்த நொடி அவனைப் பார்த்தாள். பெட்டியின் மேல் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். அவர்களுடைய மாற்று நிறமான வெள்ளை ஜெர்சிகள் ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடை திறந்திருக்காது. வெடித்த பட்டாசு அப்படியே நமுத்துப்போனது.

பழைய பச்சை ஜெர்சிகள் பதினாலு, ஒட்டுப் போட்டு மடித்து, அவளுடைய அலமாரியில் இருக்கின்றன. சாவி அப்பாவிடம். ஆபீஸ் அறைக்கு ஓடினாள். கதவுக்குப் பின்னால் கோட்டு தொங்கியது. துவைக்கிறவளுக்குப் பையைத் துழாவுவது தினப்படி வேலை. கையை விட்டாள்.

சாவியோடு ஒரு உறையும் வந்தது.

அவள் எழுத்து. பெரிய கிளப்பின் விலாசம். மூன்று வாரம் பையிலேயே கிடந்து ஓரமெல்லாம் நைந்து, ஆனால் பிரிக்காத உறை.

உலகம் ஒரு நிமிடம் நின்றே போய்விட்டது. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேம்மா... பெரிய கிளப்பை ஜெயிச்சோம்னு ஒரே ஒரு வரி எழுதணும்னு ஆசை. பதினோரு பேரை வெச்சு முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஒரு லெட்டரைப் போடாம இருந்தா முடியும்னு தோணிச்சு."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே..."

"அதுக்கும் கை வரலை. தினமும் போஸ்ட் ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு வருவேன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. அவனை என்னவெல்லாம் கேட்டேன்! பிரித்துப் பார்க்கிறதே இல்லையா என்று...

"நம்ம பசங்க ஒரு மாசமா மழையில ஓடினாங்கப்பா. அவங்களைத் தோக்கவாவது விடுங்க." லெட்டரை மேஜையில் வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்தாள்.

பதினாலு பச்சை ஜெர்சிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு டிரஸ்ஸிங் ரூம் வாசலுக்கு வந்தபோது உள்ளே கோச்சின் குரல் இடி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய கிளப்பின் பஸ் வந்துவிட்டது.

"கடைசியாக் கேட்கிறேன். அவங்க லெட்டர் போட்டாங்களா, இல்லையா? போடலைன்னா இப்பவே புகார் கொடுக்கிறேன். இந்தக் கிளப்பைப் போட்டியை விட்டே தூக்கிடுவாங்க!"

முடிந்தது... அப்பாவும், கிளப்பும், எல்லாம்.

"போட்டாங்க சார்," என்றான் பெட்டிக்காரன். "வந்துச்சு. நான்தான் பிரிக்காம விட்டுட்டேன்."

அவள் ஜெர்சிகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எட்டு வருஷ வேலையை ஒரு உறையில தொலைச்சுட்டியே! இன்னியோட கிளம்பு."

கதவு திறந்தது. அவன் எதிரே நின்றான். அவள் கையிலிருந்த பச்சையைப் பார்த்தான், கலங்கிய கண்களைப் பார்த்தான்.

"ஏன்... ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மணி ஆகுது. நம்பர் வரிசையா இருக்கா?" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

நாலு இருபத்தைந்துக்கு நாட்டிலேயே பெரிய கிளப் முழங்கை ஒட்டுப் போட்ட இரவல் பச்சையில் களம் இறங்கியது. மைதானமே வாயைப் பிளந்தது. கூத்து அதோடு நிற்கவில்லை. பச்சை முதல் கோல் போட்டதும், வருடக்கணக்காகப் பச்சைக்குக் கத்திப் பழகிய எழுநூறு பேரும் 'கோல்ல்ல்!' என்று எழுந்து குதித்துவிட்டு, யார் போட்டது என்று தெரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் நாலுக்கு ஒன்று. அந்த ஒன்றை நம் பையன்கள் போட்டபோது கூரையே கழன்று விழுந்துவிடும் போல் இருந்தது.

அவள் அதையும் சரியாகப் பார்க்கவில்லை. மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த அவனைத்தான் பார்த்தாள். இன்றோடு வேலை இல்லாதவன், ஒவ்வொரு பாட்டிலின் மூடியையும் திருகிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவளும் பேசாவிட்டால் அப்பா பிழைத்தார், கிளப் பிழைத்தது. அவன் மட்டும் போவான். பேசினால்... ஐயோ, பெற்ற அப்பா!

ஆட்டம் முடிந்து பஸ் உறுமத் தொடங்கியபோது, அவள் கால்கள் அவளைக் கேட்காமலே ஓடின. படியில் நின்ற கோச்சின் எதிரே போய் மூச்சு வாங்க நின்றாள்.

"சார்... லெட்டர் உங்களுக்கு வரவே இல்லை. அவர் பொய் சொல்றாரு."

"மேடம், சும்மா இருங்க!" பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தவன் பதறிப்போய் ஓடிவந்தான்.

"நீங்க சும்மா இருங்க! லெட்டர் போகலை சார். அது... எங்க..."

"அவ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்." பின்னால் அப்பா. எப்போது வந்தார்? நைந்த உறையைக் கோச்சின் கையில் வைத்தார். "எழுதினது என் பொண்ணு. போடாதது நான். நாளைக்கே பதவியை விட்டு விலகிடறேன். பையனை விட்டுடுங்க."

கோச் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"தப்பு தப்புதான், செயலாளர் சார். ஆனா ஆட்டம் நடந்தாச்சு, ஜெயிச்சாச்சு. ஜெர்சி கொடுத்து ஆட வெச்சது உங்க பொண்ணு. அவங்க மேல நான் எப்படிங்க புகார் எழுதுவேன்?" பிறகு பெட்டிக்காரன் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா பொய் சொன்னே?"

அவன் அவளைப் பார்த்தான். அவ்வளவுதான்.

"ஓ..." என்றார் கோச்.

"ஓஓஓ..." என்றன பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம். அவளுக்குக் காது மடல் சிவந்துபோயிற்று.

"அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள ஜெர்சியைக் கொடுத்துட்டு வண்டியில ஏறு."

துவைக்கும் அறையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த மஞ்சள் வெயில் அவன் கண்களில் விழுந்து... அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா கோட்டுல கை வெச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"ம்."

"தெரிஞ்சும்... ஒரு நாள் பழக்கத்துக்கு யாராவது எட்டு வருஷ வேலையை விடுவாங்களா?"

"ஒரு நாளா? அப்போ ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்துச்சு. எனக்கே அதிர்ச்சியாத்தாங்க இருக்கு." அவன் பச்சை ஜெர்சி ஒன்றை மடித்து வைத்தான். "நீங்க மாப்பைத் தூக்கிக்கிட்டு நின்னீங்களே... அப்பவே உங்களைப் பிடிச்சுப்போச்சு. உங்க கிளப் ஒழிஞ்சுபோய் நீங்க அழுதா என்னால பார்க்க முடியாதுன்னு தோணிச்சு. வேற எதுவும் யோசிக்கலை."

ஊசிக்கு ஒரே நாளில் இரண்டாவது முறையாக வாய் அடைத்துவிட்டது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

அவன் பச்சை ஜெர்சிகளைக் கொடுக்காமல் மூட்டையாகக் கட்டிக்கொண்டான்.

"இரவல் வாங்கினதைத் துவைக்காம திருப்பிக் கொடுக்கக் கூடாது. அடுத்த வாரம் திங்கட்கிழமை எனக்கு லீவு. நானே கொண்டு வரேன்."

"இதுக்குப் போய் அஞ்சு மணி நேரம் பயணமா? தபால்ல அனுப்பலாமே..."

"உங்க வீட்டுல தபாலை நம்ப முடியாதுங்க."

கண்ணீரோடு களுக்கென்று சிரித்துவிட்டாள். மறுபடியும் ஹாரன். அவன் வாசல் வரை போய்விட்டான். போய்விடுவான்... இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

"என்னங்க..."

திரும்பினான்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு." சொல்லியே விட்டாள். "அந்தப் பதினாலையும்... ஒரே தடவையில கொண்டு வந்துடாதீங்க."

"அப்புறம்?"

"வாரத்துக்கு ஒண்ணு."