ஏழு மைக்கும் ஒரு டேப்பும்

லோகேஸ்வரிக்குப் பொறாமை வந்தால் காது சூடாகிவிடும். இது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அன்று அம்மாவின் கைப்பேசியைப் பார்த்ததும் இரண்டு காதும் அப்பளம் சுடலாம் என்கிற அளவுக்குச் சூடாகிவிட்டன. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. வெள்ளி நிறப் பெட்டி. உள்ளே கறுப்பு ஸ்பாஞ்சில் வரிசையாக ஏழு மைக். கீழே யுகேந்திரன் எழுதியிருந்தான்: 'என் டிரம்ஸுக்காக அப்பா வாங்கிக் கொடுத்தது!'

"ஏழா?" என்று லோகி வாய்விட்டே கத்திவிட்டாள். "இவன் என்ன, டிரம்ஸ் வாசிக்கப் போறானா, மைக் கடை வைக்கப் போறானா?"

விஷயம் இதுதான். தீபாவளிக்கு லிட்டில் இந்தியா தெருமேடையில் அவர்கள் பள்ளியின் இசைக்குழு வாசிக்கப்போகிறது. அதற்கு ஒரே ஒரு டிரம்ஸ் வாசிப்பாளர்தான் வேண்டும். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் டிரம்ஸ் வாசிப்பவர்களோ இரண்டு பேர்: லோகியும் யுகேந்திரனும்.

சலேஹா டீச்சர் ஒரு வழி சொன்னார். "ரெண்டு பேரும் வீட்டுல ஒரு நிமிஷம் வாசிச்சு, பதிவு பண்ணி, ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு அனுப்புங்க. பேரை மறைச்சு நம்பர் மட்டும் போட்டுடுவேன். குழுவுல உள்ள பன்னிரண்டு பேரும் கேட்டு ஓட்டுப் போடட்டும்."

லோகியிடம் இருந்தது ஒரே ஒரு மைக். வீட்டுக் கரோக்கே பெட்டியோடு இலவசமாக வந்தது. தையற்கடை வைத்திருக்கும் அவள் அப்பா ஜெயராஜ், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் பிடித்துப் பாடுவார். அந்த மைக் பட்ட பாட்டை அதற்கு வாய் இருந்தால் சொல்லியிருக்கும்.

அந்த ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்து பார்த்தாள். சிம்பல் என்னும் பித்தளைத் தட்டு மட்டும் 'ஷ்ஷ்ஷ்' என்று பெரிதாகக் கேட்டது. மற்ற டிரம்களைப் பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது.

"இன்னொரு மைக் வேணும்மா," என்றாள்.

பிறந்தநாளுக்குக் கிடைத்த நாற்பது வெள்ளிப் பணத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவோடு சூலியா தெருவில் இருந்த ஷஃபீக் அண்ணனின் பழைய சாமான் கடைக்குப் போனாள்.

"அண்ணே, டிரம்ஸுக்கு மைக் வேணும். நாப்பது வெள்ளிக்குள்ள."

ஷஃபீக் அண்ணன் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இளஞ்சிவப்பு. பொத்தானை அழுத்தினால் விளக்குகள் மாறி மாறி எரிந்தன. இன்னொன்று கறுப்பு. தலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. தூக்கினால் அம்மிக் குழவிபோல் கனத்தது.

"பிங்க் எடுத்துக்கம்மா. லைட்டெல்லாம் எரியும்," என்றார் அண்ணன்.

"அழகா இருக்குலா!" என்றார் அம்மா.

"லைட்டு பாட்டுல கேக்காதேம்மா," என்றாள் லோகி. "அண்ணே, மைலோ டின் ஒன்னு இருக்கா?"

அண்ணன் விழித்தார். ஆனாலும் காலி டின் ஒன்றைக் கொண்டுவந்தார். லோகி இரண்டு மைக்கையும் ஒவ்வொன்றாகக் கடை ஸ்பீக்கரில் செருகி, டின்னைத் தட்டிக் கேட்டாள். மெதுவாகத் தட்டினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. பலமாகத் தட்டியதும் பிங்க் மைக் 'கர்ர்ர்' என்று அலறியது. நசுங்கிய மைக் மட்டும் 'டப்! டப்!' என்று அப்படியே சொன்னது.

"இதுதான் வேணும்ணே."

"ரெண்டு வருஷமா அதை யாரும் தொட்டுக்கூடப் பாக்கல. முப்பது வெள்ளி குடு, போதும்," என்று சிரித்தார் அண்ணன்.

லோகியின் வீடு மார்க்கெட் தெருவில், அப்பாவின் கடைக்கு மேலே இருந்தது. காலை பத்து மணி ஆனால் போதும், அக்கம்பக்கத்துக் கடைகளின் ஸ்பீக்கர்களெல்லாம் ஒன்றாகப் பாட ஆரம்பித்துவிடும். எந்தப் பதிவையும் அதற்குள் முடித்துவிட வேண்டும்.

மறுநாள் விடுமுறை. காலையிலேயே ஒரு மைக்கைத் தலைக்கு மேலேயும், இன்னொன்றை வலது தோளுக்குப் பின்னாலும் வைத்து, இரண்டையும் கரோக்கே பெட்டியில் செருகி வாசித்தாள். பிறகு கேட்டுப் பார்த்தாள்.

"அலாமாக்!" என்று தலையில் கைவைத்தாள்.

நடுவில் இருக்கும் சின்ன டிரம்முக்கு ஸ்னேர் என்று பெயர். பாட்டைத் தூக்கி நிறுத்துவதே அதுதான். அந்த ஸ்னேர் இப்போது வெறும் தகரமாகக் கேட்டது.

மேல் மைக்கை மட்டும் வைத்துக் கேட்டாள். நன்றாக இருந்தது. பின் மைக்கை மட்டும் வைத்துக் கேட்டாள். அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால் தகரம்! தனித்தனியாக நல்ல பிள்ளைகள், சேர்ந்தால் மட்டும் ஏன் இப்படி?

லோகிக்குப் பள்ளியின் திங்கட்கிழமைச் சபைக்கூடல் நினைவுக்கு வந்தது. முன்வரிசையில் நிற்பவர்கள் ருக்குன் நெகாரா உறுதிமொழியை முதலில் சொல்லி முடிப்பார்கள். பின்வரிசைக்கு அது கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். எல்லாரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்கும்போது ஒரு சொல்லும் விளங்காது.

'ஒரு மைக் கிட்ட இருக்கு, இன்னொன்னு தூரமா இருக்கு. ஒரே அடி ரெண்டுக்கும் வேற வேற நேரத்துல போய்ச் சேருது!'

தடதடவென்று கீழே ஓடினாள். அப்பா யாருக்கோ பிளவுஸ் அளவு எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்பா, டேப் குடுங்க!"

"எதுக்குடா?"

"டிரம்முக்கு அளவு எடுக்கணும்!"

ஸ்னேரிலிருந்து மேல் மைக் எண்பது சென்டிமீட்டர். பின் மைக் நூற்றுப் பன்னிரண்டு. பின் மைக்கை நகர்த்தி, அதையும் சரியாக எண்பதில் நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள். ஸ்னேர் 'டம்' என்று நெஞ்சில் வந்து விழுந்தது. லோகி குதித்த குதியில் கீழே அப்பாவின் கத்தரிக்கோல் நழுவிவிட்டதாம்.

புதன்கிழமை பள்ளியில் யுகேந்திரன் தன் பதிவைக் கொண்டுவந்து, கணினி அறையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். ஏழு மைக் படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் ஆயிற்றே, எல்லாரும் கைதட்டினார்கள்.

லோகி மட்டும் கண்ணை மூடிக் கேட்டாள். தகரம்! ஷஃபீக் அண்ணன் கடை மைலோ டின்னேதான்!

அவள் காது ஜில்லென்று ஆறியது. அவ்வளவு மைக் வைத்தும் டின் சத்தமா? சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்?

இடைவேளையில், தண்ணீர்க் குழாயடியில் யுகேந்திரன் அவளிடம் வந்தான்.

"லோகி, உண்மையச் சொல்லு. நல்லா இல்லதானே?"

அவளுக்குக் காரணம் தெரியும். ஒரே வரியில் சொல்லிவிடலாம். "பரவால்ல," என்றாள்.

"இருபது தடவை வாசிச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வருது. அப்பா சொல்றாரு, இவ்வளவு நல்ல மைக்ல தப்பு இருக்காதாம். அப்ப என் கையிலதானே தப்பு?" அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "நான் அனுப்பப் போறதில்ல. நீயே மேடையில வாசி."

லோகி கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். வந்துவிட்டது. ஆனால் வாயில் போட்ட மிட்டாய் கசந்ததுபோல் இருந்தது.

யுகேந்திரன் கையில் தப்பே கிடையாது. ஸ்னேரில் இரண்டு குச்சியையும் மழைபோல் பொழிய வைப்பானே, அந்த ரோல் அவளுக்கு இன்னும் வரவில்லை. வியாழன் முழுக்கப் பழகிப் பார்த்தாள். வெள்ளியும் பழகினாள். அப்போதும் வரவில்லை. அவன் பேசாமல் ஒதுங்கிக்கொண்டால் மேடை அவளுக்குத்தான்.

ஆனால் அவன் தன் கையே சரியில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறான். கை சரிதான் என்று தெரிந்த ஒரே ஆள் இவள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவளுக்குப் பிடித்த நண்டு இருந்தும் பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் கிரீன் லேனில் இருக்கும் யுகேந்திரன் வீட்டுக்குப் போனாள். சட்டைப்பையில் டேப் இருந்தது.

கூடத்தில் டிரம்ஸைச் சுற்றி ஏழு மைக்கும், விபத்தைப் பார்க்க வந்த கூட்டம்போல் நெருக்கிக்கொண்டு நின்றன. பக்கத்தில் பார்க்கும்போது இன்னும் அழகாக இருந்தன. பாழாய்ப்போன காது மறுபடியும் சூடானது.

"யுகா, உன் கையில ஒன்னுமில்ல. மைக்தான் அதிகமா இருக்கு," என்றாள் இடுப்பில் கைவைத்தபடி. "நாலை எடுத்துப் பெட்டியில வை."

நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்த யுகேந்திரனின் அப்பா தயாளன் நிமிர்ந்தார். "ஏன்மா? காசு குடுத்து வாங்கினது. பெட்டியில தூங்கவா வாங்கினேன்? நான்தான் ஏழையும் வைக்கச் சொன்னேன்."

லோகி கொஞ்சம் யோசித்தாள். "அங்கிள், உங்க வீட்டுல எத்தனை கரண்டி இருக்கு?"

"அது இருக்கும், பத்துப் பதினஞ்சு."

"சாம்பார் கிண்டும்போது எல்லாத்தையும் உள்ள விடுவீங்களா?"

அடுக்களையிலிருந்து யுகேந்திரனின் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. தயாளன் அங்கிள் நாளிதழைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

லோகி இரண்டு மைக்கை மட்டும் உயரத்தில் வைத்தாள். ஸ்னேரின் நடுவில் டேப்பின் நுனியை யுகேந்திரன் பிடித்துக்கொண்டான். இந்தப் பக்கம் எண்பது, அந்தப் பக்கமும் எண்பது. காலால் மிதிக்கும் பெரிய பாஸ் டிரம்முக்கு முன்னால் மூன்றாவது மைக்.

"இப்ப வாசி."

வாசித்தான். பதிவை மூன்று பேரும் சேர்ந்து கேட்டார்கள். ஸ்னேர் முழுசாக ஒலித்தது. பாஸ் டிரம் வயிற்றுக்குள் இடித்தது. கடைசியில் அந்த ரோல் மழையாகவே பொழிந்தது.

தயாளன் அங்கிள் நாளிதழை மடித்துவிட்டார். "டேய், இது நீயாடா?"

யுகேந்திரன் தன் கையைப் பார்த்தான். இந்த முறை சிரித்துக்கொண்டே பார்த்தான். பிறகு லோகியிடம் திரும்பினான்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

'இப்பத்தான்' என்று சொல்லியிருக்கலாம். "புதன்கிழமையே தெரியும்," என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"பொறாமை."

யுகேந்திரன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கும் உன்மேல பொறாமைதான். கடைத்தெருவுல நீ எப்ப வேணும்னாலும் அடிக்கலாம். இங்க பக்கத்து வீட்டு ஆன்டி நாலுலேருந்து அஞ்சு வரைக்கும்தான் விடுவாங்க." சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து ஒரு மைக்கை எடுத்து நீட்டினான். "உன்கிட்ட பாஸ் டிரம்முக்கு மைக் இல்லல்ல? இந்தா, கொண்டு போ. உங்க கரோக்கே பெட்டியில மைக் செருக இன்னொரு ஓட்டை இருக்குமே?"

இருந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மூன்று மைக் வைத்து லோகி தன் பதிவை முடித்து அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை இசைக்குழு கூடியது. சலேஹா டீச்சர் இரண்டு பதிவுகளையும் போட்டார். முதலாம் எண் முடிந்ததும் எல்லாரும் "வாவ்!" என்றார்கள். இரண்டாம் எண்ணுக்கும் அதே "வாவ்!" ஆனால் அதன் நடுவே, டிரம் சத்தம் ஓய்ந்த ஒரு நொடியில், "வாங்கம்மா வாங்க! ஒரே நாள்ல பிளவுஸ் தைச்சுத் தர்றோம்!" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரல் ஜெயராஜுடையது என்று தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. டீச்சரே கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஓட்டு எண்ணினார்கள். ஏழுக்கு ஐந்து. முதலாம் எண் வென்றது.

"அந்த ரோல்தான் டீச்சர்," என்றான் ஓட்டுப் போட்ட ஒருவன். லோகிக்கும் தெரியும், அந்த ரோல்தான். தெரிந்தும் காது கொதித்தது.

"யுகேந்திரன், இவ்வளவு தெளிவா எப்படிப் பதிவு பண்ணே?" என்று டீச்சர் கேட்டார்.

"லோகிதான் மைக் வச்சா, டீச்சர். டேப்பால அளந்து வச்சா. மேடையிலயும் அவதான் வைக்கணும். இல்லன்னா நான் மறுபடியும் தகரம்தான்."

எல்லாரும் லோகியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

இடைவேளையில் கேண்டீனில் யுகேந்திரன் தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

"பொறாமையா இருக்கா?"

"ஆமா."

"எவ்வளவு?"

லோகி நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "ஏழு மைக் அளவுக்கு."

யுகேந்திரன் அவளைப்போலவே இடுப்பில் கைவைத்துக்கொண்டான். "ரொம்ப அதிகம்லா. அஞ்சை எடுத்துப் பெட்டியில வை. ரெண்டு போதும்."

லோகிக்குச் சிரிப்புப் பீறிட்டு வந்தது. சிரித்து முடித்தபோது காது பாதி ஆறியிருந்தது.

"மூணு," என்றாள். "பாஸ் டிரம்முக்கு ஒன்னு வேணும்."

"சரி, மூணு," என்று ஒப்புக்கொண்ட யுகேந்திரன், தன் பொட்டலத்தில் இருந்த நெத்திலியில் சரிபாதியை அவள் பக்கம் தள்ளினான்.