பிரபு ஏன் கீழே பார்க்கிறார்?

மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குப் படத்தை வாங்க மருந்துக்கடைக்காரர் வந்துவிடுவார்.

அம்மா, படத்துக்குச் சட்டம் போடும் மேசையில் அந்தக் காகிதத்தை விரித்தாள். பேனாவும் கறுப்பு மையும் கொண்டு என்றோ யாரோ வரைந்த ஒரு பிரபுவின் படம். இறகு வைத்த தொப்பி, முறுக்கிய மீசை, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி.

"கழுத்துல என்னம்மா, கட்டா?" என்றாள் சிண்டு.

"அந்தக் காலத்துக் காலர்டி. கையை எடு."

மருந்துக்கடைக்காரர் கொடுத்த பழைய சட்டத்துக்குப் படம் இரண்டு விரல் உயரம் அதிகம். கீழ் ஓரத்தில் இரண்டு மைக்கறை வேறு. கறையோடு சேர்த்து வெட்டிவிடச் சொல்லியிருந்தார். அம்மா இரும்பு ஸ்கேலை வைத்து பிளேடை எடுத்தாள்.

"அம்மா, இவர் ஏன் கீழே பாக்கறாரு?"

"பொத்தான் விழுந்திருக்கும். தள்ளு."

"பொத்தான் விழுந்தா சிரிப்பாங்களா?"

பிளேடு நின்றது. மீசைக்கு அடியில் சிரிப்பு இருக்கத்தான் செய்தது.

சிண்டு பூதக்கண்ணாடியைக் கறைமேல் பிடித்தாள். இரண்டும் முக்கோணம். ஓரமெல்லாம் பொடிப்பொடிக் கோடுகள், ஒன்றில் மட்டும் பாதி தேய்ந்து. முடி.

"காதும்மா! நாய்க்காது! நாய் கீழே உட்காந்திருக்கு. காகிதம் பத்தல!"

அம்மா குனிந்து பார்த்தாள். "அட, ஆமா. ஆனா வெட்டச் சொன்னது அவர்டி."

"காதை வெட்டினா, பாவம், இவர் ஒண்ணுமில்லாததைப் பாத்துச் சிரிப்பாரு. மேல காலியாத்தானே கிடக்கு? அங்க வெட்டு."

"அவர் வரட்டும். கேக்காம கை வைக்க முடியாது."

அவர் வந்தார். வந்ததுமே முகம் சுளித்தார்.

"இன்னும் முடியலையா? ஒரு கறையை வெட்ட இவ்வளவு நேரமா?"

சிண்டு பூதக்கண்ணாடியை நீட்டினாள். "மாமா, உங்க கறை காதை விறைச்சுக்கிட்டு நிக்குது. பாருங்க."

அவர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"ஐயையோ. நான் ரப்பர் வெச்சுத் தேய்ச்சேனே."

"அதான் ஒரு காது வழுக்கை," என்றாள் சிண்டு.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேலைத் தொப்பிக்கு மேலே நகர்த்தினாள். "இங்க வெட்டட்டுமா?"

"வெட்டுங்க. இறகு பத்திரம்."

சொன்னாரே தவிர, மேசையை விட்டு நகரவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா சிண்டு, இந்த நாயை அவர் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரு?"