நுனியில் ஒரு கொலை

அலறல் கேட்டு ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

எட்டாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். அலறிய பேராசிரியைக்கு அவர் கொழுந்தன்.

"பிணம் எங்க அண்ணி?"

அவள் மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தார். பச்சையாய்... துண்டு துண்டாய்...

"நறுக்கிப் போட்ட நூல் மாதிரி இருக்கு."

"ஆக்டின், தம்பி. செல்லுக்கு உருவம் குடுக்கிற புரதம்."

மூச்சு வாங்க விளக்கினாள். மணி மணியான புரதம் அது. ஒரு மணியின் கீழ்ப்பக்கத்தில் அடுத்ததன் மேல்பக்கம் கச்சிதமாய்ப் பொருந்தும். உப்பைச் சேர்த்தால் தானாகவே கோத்துக்கொண்டு நீண்ட இழையாகும்.

மூன்று மணிக்குத் தேர்வுக் குழு வருகிறது. இழை நீண்டால் துறைத்தலைவர் பதவி அவளுக்கு. இல்லையேல் பக்கத்து அறை விஞ்ஞானிக்கு... எல்லோரும் 'சொட்டை' என்று அழைப்பவனுக்கு!

"கெட்டுப் போயிருக்கும் அண்ணி."

"கெட்டிருந்தா கோத்துக்கவே செய்யாது. இது ஆரம்பிச்சு, பாதியில நின்னிருக்கு. கீழ்ப்பக்கத்தை மாத்தின மணியை யாரோ கலந்திருக்காங்க. அது நுனியில ஒட்டிக்கும். அதுக்கப்புறம் எதுவும் ஒட்டாது."

"கொக்கி இல்லாத ரயில் பெட்டி!"

"அதேதான். அந்த மாதிரி மணி சொட்டையோட ஃப்ரிட்ஜ்ல மட்டும்தான் இருக்கு."

சொட்டையை இரண்டு மணி நேரம் விசாரித்தார். ஃப்ரிட்ஜுக்குப் பூட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்று அவன் சாதித்தான். கைரேகை? ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் கையுறை!

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு போன் செய்தார்.

மூன்று மணி.

குழுத் தலைவி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிர்ந்தபோது கண்கள் விரிந்திருந்தன.

"இழை வளர்றதை இவ்வளவு அழகா நிறுத்தியிருக்கீங்களே... புற்றுநோய் செல் நகர்றதே இந்த இழையை வச்சுத்தான். இதைச் செஞ்சவங்களுக்குத்தான் பதவி."

பேராசிரியை வாய் திறப்பதற்குள், ஓரத்தில் உட்கார்ந்திருந்த சொட்டை துள்ளி எழுந்தான்.

"நான்தாங்க! நேத்து சாயங்காலம் என் கையாலயே கலந்தேன்!"



தலைவி கதவுப் பக்கம் திரும்பினார். "போதுமா இன்ஸ்பெக்டர்? போன்ல நீங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டேன்."

பிறகு அடுத்த மைக்ராஸ்கோப்புக்கு நகர்ந்தார். பேராசிரியை மத்தியானம் புதிதாகத் தயாரித்த இழைகள் அங்கே நீளநீளமாய் ஓடிக்கொண்டிருந்தன.

சொட்டை எட்டிப் பார்த்தான். "அப்ப... பதவி?"

"அது அண்ணிக்கு," என்றார் இன்ஸ்பெக்டர், இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தபடி. "உங்களுக்கு வளையல் சார். ஜோடியாவே போட்டுவிடறேன்."