நாற்பத்தொன்றாம் வரி

ரொட்டி போடுகிறவள் காவல் நிலையத்துக்குள் வந்தபோது முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது. ஊரடங்கு. வாசலில் நின்ற சிப்பாய் அவளைத் தடுக்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு உண்டு.

"என் தம்பியப் புடிச்சிட்டாங்க," என்றாள். "தையல் மெஷின் ரிப்பேர் பண்றவன். துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கணும்னுகூட அவனுக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். ஐம்பது தாண்டிய பெண்மணி. நிலையத்தில் எல்லாருக்கும் அவர் அம்மா. பக்கத்தில் நின்ற காவலனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

"இங்கதான் இருக்காரு," என்றான் அவசரம். "காலையில ராணுவம் கொண்டுவந்து ஒப்படைச்சுது. நாலு மணி வண்டியில..."

அம்மா திரும்பிப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நாலு மணி வண்டியில என்ன?" என்றாள் அக்காக்காரி.

"தலைநகர் கோர்ட்டுக்குப் போவாரு." அம்மா மறைக்கவில்லை. "கலவர நேரத்துல போலீஸ் துப்பாக்கி வெச்சிருந்தா ஜாமீன் இல்ல. பத்து வருஷம்."

அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மணி பதினொன்று.

நான்கு நாளாக ஊர் பற்றி எரிந்தது. போலீஸ் போதவில்லை என்று ராணுவத்தைத் துணைக்கு அழைத்தார்கள். முதல் நாளே, நெட்டை என்கிற காவலரின் கைத்துப்பாக்கியைக் கூட்டம் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. அதைத் தேடித்தான் சிப்பாய்கள் வீடு வீடாகப் போனார்கள்; தெருவைக் காட்ட நெட்டையும் கூடப் போனார். அவர்களுக்கு வாரண்ட் தேவையில்லை. நுழையலாம், சோதிக்கலாம், ஆளைப் பிடிக்கலாம். கண்டதை எழுதிக் கொடுத்து, பிடித்த ஆளைத் தாமதமில்லாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டுப்பாடு அவ்வளவுதான். அதை நினைத்தாலே அவசரத்துக்கு முதுகு சிலிர்த்தது. ஒரு கேப்டன் விரலை நீட்டினால் ஒரு தெருவே கதவைத் திறக்கிறது.

அம்மா ராணுவம் கொடுத்த பட்டியலைப் படித்தார். இரண்டு தாள், பென்சில் எழுத்து. ஒருமுறை படித்தார். மறுமுறையும் படித்தார்.

"தொப்பிய எடு. அந்த வீட்டுக்குப் போறோம்."

ஒற்றை அறை. வாசலுக்கு இடது பக்கம் டிராயர் வைத்த மேஜை. அடுத்து அலமாரி, கட்டில், ஜன்னல், தண்ணீர்க் குடம். வலது பக்கம் கதவை ஒட்டி ஆணியில் ஒரு குடை. அறை கலைந்திருக்கவில்லை.

"நீ வாசி. நான் நடக்கிறேன்," என்றார் அம்மா.

அவசரம் வாசித்தான். "ஒண்ணு, மேஜை மேல கத்தரிக்கோல். ரெண்டு, எண்ணெய் டப்பா. மூணு, மேஜை டிராயர். பாபின் பதினொண்ணு, ஊசிப் பொட்டலம் ரெண்டு, உடைஞ்ச திருப்புளி ஒண்ணு. நாலு, அலமாரி மேல்தட்டு..."

அம்மா இடது சுவரைத் தொட்டபடி நகர்ந்தார். அவன் 'கட்டில்' என்றபோது அவர் கை கட்டிலில் இருந்தது. 'குடம்' என்றபோது குடத்தில் இருந்தது. நாற்பதாவது வரி குடை. அம்மா குடையின் அருகே நின்றார். அவசரம் தாளையும் அறையையும் மாறிமாறிப் பார்த்தான். இந்த அறைக்குள் வராதவன்கூட, அந்தத் தாளை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நடக்கலாம். பொத்தான்களைக்கூட எண்ணியிருந்தார்கள். ஊரையே உலுக்கக்கூடிய கைகள் ஒரு ஏழை மெக்கானிக்கின் பாபினை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கின்றன.

"நாப்பத்தொண்ணு. கைத்துப்பாக்கி ஒண்ணு." அதுதான் கடைசி வரி. "எங்க இருந்துச்சாம், அம்மா?"

"அடுத்த வார்த்தையும் வாசி."

"மேஜை டிராயர்." அவன் தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது.

"கேப்டனைக் கூப்பிடு. தேடின ரெண்டு சிப்பாய், வீட்டுக்காரர், நெட்டை. ரெண்டரைக்கு எல்லாரும் ஸ்டேஷன்ல இருக்கணும்."

எல்லாரும் வந்தார்கள். வீட்டுக்காரர் நுழையும்போதே ஆரம்பித்தார். "வாடகைக்கு விட்டது என் தலையெழுத்து. காலி பண்ணுடான்னு ஆறு மாசமா கத்துறேன்."

"அப்ப உங்களுக்கு நிம்மதிதான்," என்றாள் சுவரோரம் இருந்த அக்காக்காரி.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. நான் வெறும் சாட்சி."

"அது எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல உங்க இனிஷியல் இருக்கு. நாப்பத்தொரு தடவை போட்டிருக்கீங்க. எங்க நின்னீங்க?"

"எழுதுற தம்பி பக்கத்துலயே. நகர விடல அவரு. கை வலிச்சுப் போச்சு."

"மெக்கானிக் எங்க இருந்தாரு?"

கேப்டன் பதில் சொன்னார். மெல்லிய குரல். "தேடல் தொடங்கறதுக்கு முன்னாடியே வெளிய கொண்டுபோயிட்டோம். லாரிக்கு எதிர்ல, கையைத் தலைமேல வெச்சு. ஒரு சிப்பாய் காவல். கடைசி வரைக்கும் உள்ள வரல."

"தேடினவங்க?"

"வாசல்லயே நானும் ரெண்டு பேரும் சட்டை, கால்சட்டைப் பையைத் திருப்பிக் காட்டினோம். உள்ள எதையும் கொண்டுபோகலன்னு வீட்டுக்காரருக்குத் தெரியணும். அது எங்க முறை. ஒருத்தன் தொடுவான், ஒருத்தன் எழுதுவான். தொட்டதும் எழுதணும். கதவுக்கு இடது பக்கம் ஆரம்பிச்சு, வலது பக்கம் முடிக்கணும்."

"நம்ம ஆளுங்க எப்படித் தேடுவாங்க, அவசரம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஆளுக்கொரு மூலைம்மா. எல்லாத்தையும் கொட்டிட்டு, ஸ்டேஷனுக்கு வந்து, டீ குடிச்சிட்டு எழுதுவோம்."

எழுதிய சிப்பாய்க்குச் சிரிப்பு வந்தது. கேப்டன் பார்த்ததும் நின்றது.

"அப்படி எழுதியிருந்தா டிராயர்ல இருந்ததெல்லாம் ஒரே வரியில வந்திருக்கும். பாபின், ஊசி, துப்பாக்கி. யாருக்கும் சந்தேகம் வராது." அம்மா தாளை மேஜைமேல் விரித்தார். "ஆனா இதுல டிராயர் ரெண்டு தடவை வருது. மூணாவது வரியில துப்பாக்கி இல்ல. நாப்பத்தொண்ணுல இருக்கு."

"முதல் தடவை கவனிக்காம விட்டிருப்போம்னு நினைச்சேன்," என்றார் கேப்டன்.

"பதினோரு பாபினை எண்ணினவர் கண்ணுக்குத் துப்பாக்கி தெரியாமப் போகுமா?"

கேப்டன் தாளைத் தன் பக்கம் இழுத்து மூன்றாவது வரியைப் படித்தார். அவர் முகம் வெளுத்தது.

"மூணாவது வரி எழுதினப்போ டிராயர்ல அது இல்ல. நாப்பது எழுதி முடிக்கறதுக்குள்ள வந்திடுச்சு. மெக்கானிக் தெருவுல. வீட்டுக்காரர் கையில பென்சில். உங்க மூணு பேர் பையும் காலி. அந்த அறையில பையைக் காட்டாத ஒருத்தர் இருந்தாரு. தெருவைக் காட்டறதுக்காகப் போலீஸ் அனுப்பின ஆள்." அவர் தேடிய சிப்பாயைப் பார்த்தார். "எல்லாம் முடிஞ்ச பிறகு எதுக்குத் திரும்ப டிராயரைத் திறந்தீங்க தம்பி?"

"போலீஸ்காரர் சொன்னாருங்க. எதுக்கும் இன்னொரு தடவை பாருங்கன்னு."

எல்லாரும் திரும்பினார்கள். நெட்டை தன் உயரத்தில் பாதியாகியிருந்தார்.

"கூட்டம் புடுங்கலம்மா," என்றார். "ஓடுறப்ப சாக்கடையில விழுந்துடுச்சு. அவமானமா இருந்துச்சு, புடுங்கிட்டாங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். மறுநாள் போய்த் தேடுனா கிடைச்சிடுச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? வேலை போயிடும்."

"அதுக்கு என் தம்பியா?" என்றாள் அக்காக்காரி.

"யார் வீடுன்னுகூட எனக்குத் தெரியாது தாயி. கைக்குக் கிட்ட இருந்த டிராயர்."

பத்து வருடம், கைக்கு எட்டிய தூரத்துக்காக.

கேப்டன் நெட்டையை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு தானே நின்றுகொண்டார். "ஒப்படைச்சதோட என் வேலை முடிஞ்சுது. இந்த வாசலுக்கு உள்ள எனக்கு அதிகாரம் இல்ல."

"இல்ல," என்றார் அம்மா. "அவசரம், நீ போ."

அவனும் நெட்டையும் நான்கு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அவசரம் முதல்முறையாக மெதுவாக நடந்தான். "வாங்கண்ணே," என்று கையைப் பிடித்தான்.

மூன்றேகாலுக்கு மெக்கானிக்கை வெளியே விட்டார்கள். கேப்டன் அவர் முன் விறைப்பாக நின்றார். "தப்பா உங்களைப் பிடிச்சது நான். மன்னிக்கணும்."

மெக்கானிக் திகைத்துப்போய், "பரவாயில்லீங்க," என்றார்.

"பரவாயில்லயா?" அக்காக்காரி குறுக்கே வந்தாள். "நாலு சுவத்துக்குள்ள மன்னிப்புக் கேட்டா ஆச்சா? கையத் தலைமேல வெச்சுத் தெருவுல நிக்க வெச்சீங்களே சார். தெருவுல சொல்லுங்க."

"அக்கா, விடு."

"நீ சும்மா இரு."

அவசரம் கேப்டனின் இடுப்பில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தான், தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தான். அவர் சொன்னால் இந்த ஊரே உள்ளே போகும், வெளியே வரும். அவரை எதுவும் கட்டாயப்படுத்த முடியாது.

கேப்டன் இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றித் தன் சிப்பாயிடம் கொடுத்தார். "வழி காட்டுங்க," என்றார்.

ஊரடங்குத் தெரு. எல்லாக் கதவும் மூடியிருந்தது. மெக்கானிக்கின் வீட்டு முன்னால், நடுத்தெருவில், அவர் தனியாக நின்றார்.

"இந்த வீட்டுல இருக்கிற மெக்கானிக் குற்றவாளி இல்ல. காலையில நான் செஞ்சது தப்பு."

ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு எதிரே ஒன்று. மாடியில் ஒன்று.

"கடைசி வீட்டுக்குக் கேக்கல," என்றாள் அக்காக்காரி.

கேப்டன் மூச்சை இழுத்து, மறுபடி சொன்னார்.