கழற்றுத் தேர்வு

மூன்றாவது தடவையும் அறவாழி தோற்றார்.

ஆம்பூர் ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றார். 'கழற்றுத் தேர்வு தொடங்குகிறது' என்று அவர் காலில் இருந்த நிலையடிகள் பெண் குரலில் சொல்லிவிட்டுத் தங்கள் பிடியைத் தளர்த்தின. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு வருவதற்குள் கணுக்கால் வெடவெடத்து உடம்பு இடப்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்தது. உடனே காலணியின் அடிப்பாகம் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து அவரை நேராக நிமிர்த்தியது. 'வெறுங்காலில் நீங்கள் விழ வாய்ப்பு இருக்கிறது. உங்கள் பாதுகாப்புக்காகக் காலணி மூடியே இருக்கும்' என்றது அதே குரல்.

அது அவர் மனைவி பொற்கொடியின் குரல். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து அவள்தான் பேசிக் கொடுத்தாள். எவ்வளவு பரிவோடு பேசியிருக்கிறோம் என்பது இப்போது பக்கத்தில் நின்று கேட்கும்போதுதான் தெரிந்தது, அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"போதும் சார், உக்காருங்க" என்றார் டாக்டர் ஜெபராஜ். பொற்கொடியை மட்டும் ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். "மேடம், காலணியோட மேல்வலை வழியாவே தெரியுது. ரெண்டு விரல் கறுத்துப்போச்சு. சர்க்கரைக் கால், அவருக்கு வலி தெரியல. காலணியைக் கழட்டினா விரலோட போகும். கழட்ட முடியலைன்னா..." அவர் தன் கெண்டைக்காலில், காலணி முடிகிற இடத்துக்கு மேலே, கையை வைத்துக் காட்டினார். "நாளைக்குக் காலைல ஒம்பது மணி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல காத்திருக்க முடியாது."

பொற்கொடிக்கு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டால் தேவலை என்று இருந்தது. முழங்கால் மடங்கிய கணத்தில் அவளுடைய நிலையடிகள் அதை விழுகை என்று எடுத்துக்கொண்டு அவளை நிமிர்த்தி நிறுத்தின. டாக்டர் சொன்ன மிச்சத்தையும் அவள் நின்றுகொண்டேதான் கேட்டாள்.

நிலையடி முதலில் அறவாழிக்காகச் செய்ததுதான். அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். பையன்களோடு ஓடி ஓடி இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தது. மனைவி ஷூ ஆலையில் அடிப்பாகம் வடிவமைக்கிறவள். வீட்டில் முட்டி வலியென்று ஒருவர் முனகிக்கொண்டிருக்க அவளால் சும்மா இருக்க முடியுமா? அவள் கண்டுபிடித்த பொருளுக்கு அதிர்வுண்ணி என்று பெயர் வைத்தாள். தொட்டால் களியைப்போல் இருக்கும். வேகமாக ஒரு குத்து விட்டால் இறுகி, அந்த அடியை உள்ளேயே பரப்பித் தின்றுவிடும். அதற்குள் சின்னச் சின்ன உணரிகளைப் பதித்து, எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம் தடிக்கும்படி செய்தாள். அறவாழி அதை மாட்டிக்கொண்டு மைதானத்தை நாலு சுற்று ஓடிவிட்டு, "கொடி, எனக்கு இருவது வயசு ஆயிடுச்சு" என்று கத்தினார்.

ஓட்டக்காரர்களிடமிருந்து நோயாளிகளுக்குப் போனது. நோயாளிகளிடமிருந்து வயசானவர்களுக்கு, பிறகு எல்லாருக்கும். யாரும் விழவில்லை. எலும்பு முறிவுப் பிரிவுகளை மூடினார்கள். மூன்றாம் வருஷம் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் படுக்கையில் நிலையடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனவர், வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து செத்துப்போனார். குடும்பம் வழக்குப் போட்டது. அதன்பிறகு ஒரே வாரத்தில் பொற்கொடி எழுதியதுதான் கழற்றுத் தேர்வு. காலணியின் துணையில்லாமல் பத்து வினாடி ஆடாமல் நின்று காட்டினால்தான் அது திறக்கும். உட்கார்ந்தால் திறக்காது, படுத்தால் திறக்காது. சுவரைப் பிடித்தாலோ யாராவது தாங்கினாலோ எடை குறைவதை வைத்துக் கண்டுபிடித்துவிடும். ஆலையிலேயே ஒரு பொதுச் சாவி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு வக்கீல் வேண்டாமென்றார். திறக்க முடிந்தவர்கள்மேல்தான் வழக்கு வருமாம். அதனால் விதியை அடிப்பாகத்துக்குள்ளேயே அழியாதபடி எரித்துப் பதித்தார்கள். 'நானே வந்து கெஞ்சினாலும் திறக்காது' என்று பொற்கொடி அப்போது பேட்டி கொடுத்தாள். அதற்குக் கைதட்டினார்கள்.

குளிக்கிற தண்ணீர் மேல்வலை வழியாக உள்ளே போய் வெளியே வரும். ஆகவே கழற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலோருக்கு வரவில்லை. கோயில் வாசலில் மாத்திரம் முதலில் சண்டை வந்தது. பிறகு அங்கேயே வெள்ளைத் துணியுறை கொடுக்க ஆரம்பித்தார்கள், சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாக எல்லாருக்கும் பழகிப்போனது.

"அறுத்தா?" என்று பொற்கொடி டாக்டரிடம் கேட்டாள், பதில் தெரிந்துகொண்டே.

"பாத்துட்டேன். மெதுவா அறுத்தா நூல் வளைஞ்சு குடுக்குது. வேகமா ரம்பத்தை வச்சா இரும்பாயிடுது. அதோட காலைச் சேத்து இறுக்குது. ரத்த ஓட்டம் இன்னும் மோசமாகும்." டாக்டர் அறவாழியைத் திரும்பிப் பார்த்தார். "அவரை நிக்கப் பழக்க முடியாதா?"

"பழகணும்னா ஆடணும் டாக்டர். கொஞ்சம் சாஞ்சு, கணுக்கால் அதைத் தானா சரி பண்ணி, அப்படித்தான் கால் கத்துக்கும். சாயறதுக்கு முன்னாடியே இது சரி பண்ணிடுது. போட்டிருக்கற வரைக்கும் நிக்கக் கத்துக்க முடியாது. நிக்கக் கத்துக்கற வரைக்கும் கழட்ட முடியாது."

எட்டு வருஷமாக இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து அவள் நினைத்ததேயில்லை.

ஜெபராஜ் தன் காலைப் பார்த்தார். பிறகு ஏதோ விளையாட்டுக்குப்போல, "எனக்கு நாப்பத்திரெண்டு வயசுதானே, சர்க்கரையும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கழற்றுத் தேர்வு தொடங்குகிறது என்றது பொற்கொடியின் குரல். ஆறு வரை போனார். பிறகு காற்றில் ஏதோ கம்பியைப் பிடிக்கிறவர்போல் கை அலைந்தது, காலணி அவரை நிமிர்த்தியது. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானும் நின்று பார்த்தாள். அவள் ஐந்து. கதவருகே நின்ற காவலாளி இரண்டு. அதற்குமேல் அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

மாலை நான்கு மணிக்குப் பொற்கொடி ஆலைச் சோதனைக்கூடத்துக்குப் போனாள். சுவர் நிறையக் கேடயங்கள், வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அதிர்வுண்ணி முந்தைய வருஷத்தைவிட எவ்வளவு அதிகம் தாங்குகிறது என்பதற்காகக் கொடுத்தது. பழைய விதிகளையெல்லாம் திரையில் விரித்துப் போட்டுப் பார்த்தாள். எங்கும் ஓட்டையில்லை. தன் வேலைச் சுத்தம் அவளுக்கே பயமாக இருந்தது.

கூடத்தின் மூலையில் விழுத்துப் பொறி நின்றது. மேலே இரும்புச் சட்டம், அதில் தொங்கும் மணல் பொம்மை, பொம்மையின் காலில் நிலையடி. உயர உயரத் தூக்கி விட்டு, எந்த உயரத்தில் காலணி தோற்கிறது என்று பார்ப்பார்கள். அதை முதல் மாதிரியிலிருந்தே ஓட்டுகிற கன்னியப்பன் அன்றைய குப்பையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, சாருக்கு எப்டி கீது?"

"காலை எடுக்கணுங்கறாங்க கன்னியப்பன். அதைத் திறக்க வழியே இல்ல."

கன்னியப்பன் மூட்டையைக் கீழே வைத்தார். "வழியில்லையா? நான் தெனம் பத்து ஜோடி தொறந்துகினு கீறேனேம்மா!"

அவர் மூட்டையைக் கவிழ்த்தார். கீழே கொட்டிய நிலையடிகள் எல்லாம் குதிகாலிலிருந்து விரல் வரை வாய் பிளந்து கிடந்தன.

பொற்கொடி அப்படியே நின்றாள். பிளவு விதி! முதல் மாதிரி செய்த முதல் வாரத்தில் எழுதியது. அதிர்வுண்ணி தாங்கமாட்டாத அளவுக்கு ஓர் அடி விழுந்தால் அது இறுகிப்போய்க் காலையே நசுக்கிவிடும். ஆகவே எல்லையைத் தாண்டிய கணத்தில் காலணி தானே பிளந்து காலை விட்டுவிட வேண்டும். நீளம் தாண்டுகிற பையன்களை நினைத்து எழுதிய விதி அது. மாதிரிக்கு மாதிரி நகலாகி வந்துகொண்டேயிருந்தது. அது வேலை செய்கிறதா என்று மனிதக் காலில் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் நிலையடி போட்டவர்கள் யாரும் விழுவதேயில்லை. ஒவ்வொரு மாலையும் பிளந்த உயரத்தை அவள்தான் அறிக்கையில் எழுதினாள். அதைத் தோல்வி என்று எழுதினாள், கதவு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"சார் போட்டிருக்கறது எட்டாவது மாதிரி. எத்தனை அடியில பிளக்கும்?"

"பதினோரு அடி" என்றார் கன்னியப்பன். பிறகுதான் அவள் என்ன நினைக்கிறாள் என்று புரிந்து, "ஐயோ, வேணாம்மா. மனுஷன்மா அவரு" என்றார்.

ஆறரை மணிக்கு ஆம்புலன்சில் அறவாழியைக் கொண்டுவந்தார்கள். ஜெபராஜும் கூடவே வந்தார். குதிகால் எலும்பு விரிசல் விட்டால் சேர்த்துவிடலாம், வெட்டிய காலைச் சேர்க்க முடியாது என்பது அவர் கணக்கு. பொம்மையைக் கழற்றிவிட்டு அதன் பட்டைகளை அறவாழியின் அக்குளிலும் இடுப்பிலும் பூட்டினார்கள். சட்டம் மேலே போயிற்று. பதினோரு அடி உயரத்தில் மனிதர் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே பார்த்தார்.

"கொடி, பையன்களை உசரத்துலேருந்து குதிக்கச் சொல்லி எத்தனை அதட்டியிருக்கேன். நான் ஒரு தடவைகூடக் குதிச்சதில்ல."

"கண்ணை மூடிக்குங்க."

"விடற ஆளு யாரு?"

கன்னியப்பன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "என்னால ஆவாதும்மா" என்றார். வேறு யாரையும் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் அவர் விழாமலிருக்க உழைத்தவள், விசையைத் தானே இழுத்தாள்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கனமான ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல் ஒரு தொப்பென்ற ஓசை, உடனே இரண்டு சடசடப்பு. நிலையடிகள் வாய் பிளந்தன. அறவாழி பட்டைகளில் தொங்கினார். வருஷக்கணக்கில் வெயில் படாத பாதங்கள் வெளியே வந்தன, வெளுத்துச் சுருங்கி, குழந்தையின் கால்போல மென்மையாக. டாக்டர் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். குதிகாலில் விரிசல். இரண்டு விரல் போகும். கால் இருக்கும்.

பொற்கொடி அழுதாள். அழுகையில் உடம்பு குலுங்கவில்லை, நிலையடிகள் விடவில்லை.

விஷயம் ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. கன்னியப்பன் போட்டிருந்தது ஐந்தாவது மாதிரி, ஆறடி போதும். முதலில் அவர்தான் ஏறிக்கொண்டார். பிறகு பழைய மாதிரிக்காரர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டினார்கள். பொறியிலிருந்து இறங்கியவர்கள் கைகளை ஊன்றித் தவழ்ந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். வரிசை தொடங்கிய நான்காம் நாள் நிர்வாகம் விழுத்துப் பொறியைப் பூட்டியது. பதினோராவது மாதிரியின் விற்பனையை நிறுத்தும்படி பொற்கொடி மேலிடத்துக்கு எழுதினாள். பதில் மரியாதையாகவே வந்தது. நிலையடியில் இப்படியொரு குறை இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கு நன்றி, பன்னிரண்டாவது மாதிரியிலிருந்து பிளவு விதி நீக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே இந்த வருஷத்துக் கேடயமும் வந்தது.

அறவாழியின் குதிகால் கூடியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் நின்று பழகினார். ஆடினார், விழுந்தார், பாயில் விழுந்து சிரித்தார். பழகத் தொடங்கிய நாற்பத்தோராம் நாள் கம்பியை விட்டுவிட்டுப் பத்து வரை எண்ணினார். எட்டு விரல்களும் தரையை அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா! பத்து!" என்று கத்தினார். "கொடி, இப்ப உன் முறை. பொறி பூட்டியிருந்தா என்ன, நம்ம மாடியிலேருந்து கயிறு கட்டி நானே விடறேன். உன்னோடதுக்கு எத்தனை அடி?"

அவள் போட்டிருந்தது பதினோராவது மாதிரி. விற்பனைக்கு முன்னால் தானே போட்டுப் பார்க்க வேண்டும் என்று, தேர்வு விதிக்கு முந்தைய பூட்டில்லாத பழைய ஜோடியைக் கழற்றிவிட்டுச் சித்திரையில் மாட்டிக்கொண்டது. அதிர்வுண்ணியில் அவள் செய்ததிலேயே சிறந்தது.

"சொல்லேன். பன்னெண்டா? பதினஞ்சா?"

"அறுபது."

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அறுபது அடியிலேருந்து விட்டா காலுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அது தாங்கிக்கும். முதுகுதான் தாங்காது" என்றாள். அறிக்கை வாசிப்பதைப்போலச் சொல்ல நினைத்தாள், முடியவில்லை. அப்படியே அவர் பக்கத்தில் பாயில் விழ வேண்டும்போல் இருந்தது. முழங்கால் மடங்கியது. நிலையடிகள் அவளை நிமிர்த்தி நிறுத்தின.

அறவாழி அவளை நோக்கி நடந்தார். மூன்றே எட்டுதான். முதல் எட்டில் ஆடினார், இரண்டாவதில் சாய்ந்தார், மூன்றாவதில் கிட்டத்தட்ட விழுந்தே போனார். விழாமலிருக்க இரண்டு கைகளாலும் அவளை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள அந்த வீட்டில் அவளைவிட உறுதியாக நின்றது எதுவும் இல்லை.