சந்தனம் வைத்த துப்பாக்கி

“இன்னிக்கு விட்டா இனிமே மாசி மாசந்தாண்ணே!” என்றாள் வேதவல்லி, சுவர் நாட்காட்டியில் விரலை ஊன்றி. “இன்னும் ஒம்போது நாள்ல சூரியன் போயிடும். அப்புறம் நாலு மாசம் ஒரே இருட்டு.”

ஆவுடையப்பன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். “விஜயதசமி டாக்டரம்மா. இதைவிட நல்ல நாளு வருமா? கெளம்புங்க!”

வடதுருவத்துக்கு அருகே ஒரு தீவு அது. மரம் கிடையாது, செடி கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை பனியும் கருங்கல்லும்தான். அங்கிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர். பனிப்பாறைகளை ஆராய வந்த, முனைவர் பட்டம் வாங்கிய நாகப்பட்டினத்து வேதவல்லி ஒருத்தி. எந்த இயந்திரத்தையும் தட்டித் தடவி ஓடவைத்துவிடும் தூத்துக்குடி மெக்கானிக் கஸ்பார் இன்னொருவன். மூன்றாவது ஆள் ஆவுடையப்பன். பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்த திருநெல்வேலிக்காரன். பனிக்கரடி திரியும் தீவு என்பதால் துப்பாக்கிக் காவல் இல்லாமல் யாரும் வாசல் தாண்டக்கூடாது. அந்தக் காவல் அவன் பொறுப்பு.

வேதவல்லியின் கொள்ளுத் தாத்தா அய்யாக்கண்ணு நூறு வருடத்துக்கு முன் நிலக்கரிக் கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். இந்தத் தீவில் ஒரு சுரங்கம் இருந்த காலத்தில் அவர் கப்பல் இங்கே வந்து போனது. கடைசிக் காலத்தில் ஒரு துண்டுத் தாளில் படம் வரைந்து, ‘மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் என் பொக்கிஷம்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். வேதவல்லி மட்டும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தாள். தீவின் படத்தோடு ஒட்டிப் பார்த்தபோது சுரங்க வாய் அச்சாகப் பொருந்தியது!

பனி ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மூன்று மணி நேரப் பயணம். குளிர் மைனஸ் இருபது டிகிரிக்கும் கீழே. ஆவுடையப்பனுக்கு மட்டும் நெஞ்சு கதகதவென்று இருந்தது. நேற்று ஆயுத பூசை அல்லவா? கணினி, பனி துளைக்கும் கருவி, கஸ்பாரின் ஸ்பானர் எல்லாவற்றையும் கூடத்தில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். துப்பாக்கியின் இடம் எப்போதும் வெளித் தாழ்வாரம்தான். குளிரிலேயே கிடக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. ஆனால் நேற்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. ‘எல்லாருக்கும் உள்ளே இடம், நம்ம உசுரைக் காக்குறது மட்டும் வெளியில கெடக்கணுமா?’ என்று அதையும், குண்டு நிரப்பிய இரண்டு மேகசின்களையும் உள்ளே கொண்டுவந்து, கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் பட்டுத் துணி விரித்து வைத்தான். இரவெல்லாம் அது அங்கேயே இருந்தது. கஸ்பாரும் தன் பங்குக்கு, “நானும் ஒரு மரியாத பண்ணுதேன்வே” என்று இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்திருந்தான்.

மேட்டின் அடிவாரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். அதற்கு மேல் பாறை. சுரங்க வாய் இருநூறு அடி தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. பாதி வழியில் கஸ்பார் சறுக்கி விழுந்தான். கணுக்கால் மடங்கிவிட்டது.

“ஏ மாதாவே! காலு போச்சு!” என்று அலறினான்.

வேதவல்லி அவனைத் தூக்க ஓடினாள். திரும்பியவள் அப்படியே சிலையாக நின்றுவிட்டாள். கை மட்டும் கீழே நீண்டது.

ஸ்கூட்டரின் இருக்கையை முகர்ந்துகொண்டு நின்றது ஒரு பனிக்கரடி!

அம்மம்மா, என்ன உருவம்! நாலு காலில் நின்றபோதே ஆவுடையப்பனின் நெஞ்சு உயரம். சோறும் அடுப்பும் மருந்தும் எல்லாம் அந்த வண்டியில்தான் இருந்தன. கரடி தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் மேலே ஏறத் தொடங்கியது.

கஸ்பார் உட்கார்ந்தபடியே இடுப்பில் இருந்த, கரடியை மிரட்டும் வாணத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். டமார்! சிவப்பு வெளிச்சம் சிதறியது. கரடி துள்ளி ஒதுங்கியது. பிறகு மறுபடியும் வந்தது. இரண்டாவது வாணமும் வெடித்தது. அதோடு வாணம் தீர்ந்தது.

“சுடாதீங்கண்ணே, மெரட்டுங்க!” என்று கத்தினாள் வேதவல்லி.

ஆவுடையப்பன் வானத்தை நோக்கி விசையை அழுத்தினான். மலை அதிர்ந்தது. வெற்றுக்கூடு தெறித்து விழுந்தது. கரடி நின்றது. அடுத்த குண்டு தானாகவே ஏறியிருக்க வேண்டும். மறுபடி அழுத்தினான்.

டக்.

அவ்வளவுதான். பதினைந்து வருடத்தில் ஒரு நாளும் கேட்காத சத்தம் அது! மேகசினை உள்ளங்கையால் அடித்து, கைப்பிடியை இழுத்து விட்டான். டக். அதைக் கழற்றி வீசிவிட்டு இரண்டாவது மேகசினை மாட்டி இழுத்தான். டக்!

“ஓடுங்க! உள்ள ஓடுங்க!”

கஸ்பாரை இருவரும் இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் விழுந்தார்கள். வாயில் ஒரு பழைய பலகைக் கதவு இருந்தது. அதை அடைத்து, துருப்பிடித்த கரி வண்டி ஒன்றை முட்டுக் கொடுத்தார்கள். மறு நொடியே வெளியே மூச்சிரைப்புக் கேட்டது. பலகையில் நகம் கீறியது. கர்ர்ர்... கர்ர்ர்...

வேதவல்லியின் நெற்றி விளக்கில் ஆவுடையப்பன் மேகசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் வாய் விளிம்பு நெளிந்திருக்கிறதா? இல்லை. ஆனால் முதல் குண்டு உள்ளே தாழ்ந்து கிடந்தது. அடியிலிருந்து சுருள்வில் தள்ளித்தள்ளி ஒவ்வொரு குண்டையும் மேலே கொண்டுவர வேண்டும். விரலால் அமுக்கினால் அசையவில்லை. கவிழ்த்துத் தட்டினால் ஒன்றுகூட விழவில்லை. ஒரே ஒரு குண்டு கையில் கிடைத்தால் போதும், துப்பாக்கிக்குள் நேராகப் போட்டுவிடலாம். அந்த ஒன்றும் வரவில்லை!

“எல்லாம் உன் எண்ணெயாலதாம்ல!” என்று கஸ்பார்மேல் பாய்ந்தான். “இந்தக் குளிருல எண்ணெய் மெழுகாட்டம் எறுகிப்போகும்னு ஒனக்குத் தெரியாது? மெக்கானிக்காம் மெக்கானிக்!”

கஸ்பாரின் முகம் வாடிவிட்டது. “ரெண்டே சொட்டுவே. அதும் கைப்பிடி இழுக்குற போல்ட்டுலதான் விட்டேன். மேகசின நான் தொடவே இல்ல.”

கதவில் ஒரு பலகை மடாரென்று பிளந்தது. வெள்ளைப் பாதம் ஒன்று உள்ளே நுழைந்து துழாவியது. முறத்தளவு பாதம்! மூவரும் பதறிப் பின்வாங்கினார்கள். கூரையைத் தாங்கிய தூண்களில் ஒன்று தாண்டியது, இரண்டு தாண்டியது... வேதவல்லியின் முதுகு ஒரு மரத்தூணில் இடித்தது.

“மூணாவது தூண்!” என்றாள். உயிர் போகிற நேரத்திலும் கை தானாகவே பக்கத்துச் சுவரைத் தடவியது. கற்களுக்குப் பின்னால் ஒரு பொந்து. அதற்குள் ஒரு பெரிய பிஸ்கட் தகரப்பெட்டி!

மூடியில் கறுப்புச் சாயத்தில் இரண்டு கைகள் வரைந்திருந்தன. ஒரு கை பெட்டியிலிருந்து எடுக்கிறது. மறு கை பெட்டிக்குள் வைக்கிறது. பக்கத்தில் கோணல் எழுத்தில் தமிழ்! ‘பின்னால வாரவனுக்கு. வேணுங்கிறத எடுத்துக்க. முடிஞ்சத வச்சிட்டுப் போ. அய்யாக்கண்ணு.’

வேதவல்லி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. அவள் மூச்சுக்காற்று பட்ட இடமெல்லாம் குளிர்ந்த தகரம் முத்து முத்தாக வியர்த்தது. ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துளிகள் வெள்ளையாக உறைந்து ஒட்டிக்கொண்டன.

அவனுக்கு நெஞ்சில் யாரோ எட்டி உதைத்தது போல இருந்தது.

குளிரில் கிடந்த இரும்பைக் கணப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் அது வியர்க்காதா? வியர்த்த தண்ணீர் மேகசினுக்குள் இறங்காதா? அந்த ஈரத்தோடு இன்று குளிருக்குள் வந்தால் குண்டும் சுருள்வில்லும் ஒரே பனிக்கட்டியாக உறைந்து போகாதா? அதற்காகத்தானே அந்த விதி! காலையில் புறப்படும்போது உள்ளே ஏற்றிய ஒரு குண்டுதான் வெடித்தது. மற்றதெல்லாம் அவன் பக்தியாக வைத்த பூசையில் குளித்து, வழியெல்லாம் உறைந்துகொண்டே வந்திருக்கின்றன!

“கஸ்பாரு...” ஆவுடையப்பன் அவன் பக்கம் திரும்பினான். “தப்பு ஒம்மேல இல்லல. நாந்தான். பூசைன்னு உள்ள கொண்டாந்து வச்சேம்பாரு, அது வேத்து உள்ள தண்ணி எறங்கிருச்சு. ஒன்னையப் போய்...”

“மன்னிப்ப ஊருக்குப் போயி கேளுவே!” என்றான் கஸ்பார், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. “வந்தவுக கதவத் தட்டுதாக. மொதல்ல அவுகளக் கவனி!”

அந்த நேரத்திலும் வேதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு மூடியை நெம்பினாள். தங்கமா? முத்தா? விளக்கொளி உள்ளே விழுந்ததும் மூவரும் திகைத்துப் போனார்கள்.

மெழுகுவர்த்திகள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தீப்பெட்டி. சாக்லேட். ஒரு தகரக் குவளை. கம்பளிக் காலுறை. ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பக்கம் பக்கமாக எந்தெந்த ஊர்க்காரர்களோ, எந்தெந்த மொழியிலோ தேதி போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். கடைசித் தேதி போன கோடைக்காலம்!

“ஆண்டவனே!” என்றாள் வேதவல்லி. “நூறு வருஷமா இந்தப் பெட்டி நெறஞ்சுகிட்டே இருந்திருக்குண்ணே!”

கதவின் இரண்டாவது பலகையும் பிளந்தது. கரடியின் மூக்கு உள்ளே வந்தது.

“மெழுகுவர்த்தியக் கொளுத்துங்க!” ஆவுடையப்பன் மண்டியிட்டான். “மேகசின நேரா தீயில காட்டப்படாது, குண்டு வெடிச்சிரும். குவளையில பனிய உருக்குங்க, சுடுதண்ணி வேணும்!”

மூன்று மெழுகுவர்த்திகளைச் சேர்த்து ஏற்றி, கதவிடுக்கில் கிடந்த பனியைக் குவளையில் அள்ளித் தீயில் காட்டினாள் வேதவல்லி. கஸ்பார் நொண்டிக்கொண்டே போய்க் கரி வண்டியில் முதுகைக் கொடுத்துத் தாங்கினான். கரடி ஒரு முறை முட்டியது. வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. “சீக்கிரம்வே! என்னைய முந்திரிக்கொத்துன்னு நெனச்சிட்டு மோந்து பாக்குது!”

தண்ணீர் ஆவி விட்டது. ஆவுடையப்பன் கழுத்துத் துண்டை நனைத்துப் பிழிந்து மேகசினைச் சுற்றிக் கட்டினான். ‘முருகா, முருகா’ என்று உதடு அசைந்தது. மறுபடி நனைத்தான், மறுபடி சுற்றினான். கட்டைவிரலால் அமுக்கினான். அசையவில்லை. மூன்றாம் முறை சுற்றி அமுக்கினான்.

களுக்!

பனி உடைந்தது. குண்டுகளை ஒவ்வொன்றாக மடியில் தள்ளினான். ஈரத்தோடு திரும்பப் போட்டால் மறுபடி உறைந்துவிடும். யாரோ முகம் தெரியாத புண்ணியவான் வைத்துப்போன கம்பளிக் காலுறையைக் கைக்குள் மாட்டி, மேகசினின் உட்புறத்தைத் துடைத்தான், சுருள்வில்லைத் துடைத்தான், மூன்றே மூன்று குண்டுகளைத் துடைத்து நிரப்பினான். விட்டுப் பார்த்தான். குண்டு துள்ளி மேலே வந்து நின்றது!

மேகசினை மாட்டிக் கைப்பிடியை இழுத்தான். சளக்! அந்தச் சத்தம் கோயில் மணிபோல் காதில் விழுந்தது.

“கஸ்பாரு, தலையக் குனி!”

பிளந்த பலகை வழியே குழாயை வெளியே நீட்டி, வானத்தைப் பார்த்துச் சுட்டான். கரடி மிரண்டு பத்தடி பின்வாங்கியது, ஆனால் போகவில்லை. இப்போதுதான் சோதனை. அடுத்த குண்டு ஏறியிருக்குமா? கண்ணை மூடி அழுத்தினான்.

டமார்! ஏறியிருந்தது! உடனே மூன்றாவதும் முழங்கியது. கரடி திரும்பிக்கூடப் பார்க்காமல் சரிவில் உருண்டும் ஓடியும் கடற்கரைப் பக்கம் மறைந்தது.

ஆவுடையப்பன் மீதிக் குண்டுகளைத் துடைத்து நிரப்பினான். பிறகு கஸ்பாரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் துண்டால் கட்டினான்.

“நல்ல மனசு இருந்தா போதும்னு நெனச்சேன்ல,” என்றான் மெதுவாக. “அது மேல அன்பு வச்சேன். அதுக்கு எது நல்லதுன்னு கேக்காம வச்சிட்டேன்.”

“நீ கேக்காதத கரடி வந்து கேட்டுச்சு பாருவே,” என்றான் கஸ்பார்.

புறப்படும் முன் பெட்டிக்கு உரியதை வைக்க வேண்டுமே! கஸ்பார் தன் மடக்குக் கத்தியைப் போட்டான். வேதவல்லி வண்டியிலிருந்து புது மெழுகுவர்த்திகள் கொண்டுவந்து வைத்து, நோட்டில் அய்யாக்கண்ணுவின் கொள்ளுப் பேத்தி என்று எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது அவளுக்கு. ஆவுடையப்பன் சட்டைப் பையைத் துழாவினான். நேற்றுப் பூசைக்கு வைத்த பொரிகடலைப் பொட்டலம்தான் இருந்தது. கொஞ்சம் கூச்சத்தோடு அதை வைத்தான்.

நிலையத்துக்கு வந்ததும், ஓடிவந்தவர்கள் மூவரையும் கட்டிக்கொண்டு ஆரவாரம் செய்தார்கள். ஆவுடையப்பன் மட்டும் உள்ளே நுழையாமல் தாழ்வாரத்தில் நின்றான். துப்பாக்கியைக் குளிரிலேயே அதன் இடத்தில் மாட்டினான். நேற்று வைத்த சந்தனப் பொட்டு அதன்மேல் அப்படியே இருந்தது. கை கூப்பிவிட்டு உள்ளே போனான்.

நான்கு மாத இருட்டு முடிந்து சூரியன் வந்ததும் மூவரும் மறுபடி சுரங்கத்துக்குப் போனார்கள். பெட்டியைத் திறந்தார்கள். பொரிகடலை இல்லை! அந்த இடத்தில், யாரோ புதிதாகப் பின்னிய ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை இருந்தது. நோட்டில் தெரியாத மொழியில் ஒரு வரி. அதன்கீழே, வாய் நிறையச் சிரிக்கிற ஒரு முகம் வரைந்திருந்தது.

ஆவுடையப்பன் கையுறையைப் போட்டுப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. கழற்றி, திரும்பவும் பெட்டியிலேயே வைத்தான்.

“எனக்கு இருக்குல்லா,” என்றான். “பின்னால யாராச்சும் வருவாவ.”