நெடுங்கோம்பையில் யாரும் இல்லை

காலை ஆறரைக்கு முதல் சங்கு ஊதும். அதற்குள் நெடுங்கோம்பையில் அடுப்பு அணைந்திருக்க வேண்டும், கொடியிலிருந்து துணி இறங்கியிருக்க வேண்டும், கோழிகள் கூடைக்குள் போயிருக்க வேண்டும். இரண்டாவது சங்குக்கு ஆட்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். மூன்றாவது சங்குக்கு வீடே காணாமல் போகும். கூரையிலிருந்து மறைதிரை சரசரவென்று இறங்கி, பின்னால் இருக்கும் மரத்தையும் பாறையையும் தன் மேல் வாங்கிக் காட்டும். வெளியே நின்று பார்த்தால் வெறும் காடு. உள்ளே நாற்பத்தொரு வீட்டு ஜனமும் மாலை ஐந்து மணி வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

பாவாயிக்கு இது பழகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுவாள். அழுகிற குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒலியடைப்புப் பெட்டி என்று தனியாக ஒன்று கொடுத்திருந்தார்கள். புண்ணியவான்கள், அதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

வெளிமகிழ்வு வளர்ச்சித் திட்டம் என்று அதற்குப் பெயர். சமவெளியில் வெயில் ஐம்பத்திரண்டு டிகிரியைத் தாண்டிய பிறகு ஜனங்கள் குளிர்நகரங்களுக்குள், வானத்தை மூடிய அந்தக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள், அடைந்துகொண்டார்கள். அடைந்து கிடந்தவர்களுக்கு வெளியே நாலடி நடக்க ஏக்கம். ஊற்று வற்றிப்போன மலையூர்களுக்கோ பிழைப்பு இல்லை. அரசாங்கம் இரண்டையும் முடிச்சுப் போட்டது. நடைபாதை போட்டுத் தருகிறோம், கம்பியில் ஓடும் தொங்கூர்தி விடுகிறோம், வருகிற விருந்தாளிகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. கெட்ட யோசனை என்று யார் சொல்ல முடியும்? காற்றிலிருந்து தண்ணீர் இறக்கும் கோபுரம் ஒன்றும் ஊர் நடுவே வந்து நின்றது. இன்றைக்கும் அதுதான் நெடுங்கோம்பைக்கு உயிர்.

வினை வந்தது சோற்றில். விருந்தாளி சாப்பிடும்போது வீட்டார் எதிரில் நிற்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது அந்த மலையின் வழக்கம். முதல் வருஷம் வந்த கூட்டத்துக்கும் களியும் கீரையும் பரிமாறிவிட்டு, ஊரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. விருந்தாளிகளின் மனநிறைவு அந்த ஒரு மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போனதாகத் திட்ட அலுவலகத்தின் கருவி சொல்லிவிட்டது. அதிகாரி பறந்து வந்தார். “நீங்கள் மனமுவந்து ஒதுங்குவது அருமையான மரபு. அதைக் கொஞ்சம் நீட்டலாமா?” என்றார். வந்தவர் வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகிய ஊரா அது? தலையை ஆட்டிவிட்டார்கள். ஒரு மணி நேரம் அரை நாளாயிற்று, அரை நாள் முழு நாளாயிற்று. ‘மனிதச் சுவடற்ற முதல்தர வனவெளி’ என்று பட்டமும் கொடுத்தார்கள். மரியாதைக்குச் சாத்திய கதவை அப்புறம் திறக்கவே விடவில்லை.

வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குக் குளிர்நகரத்தில் படிப்பு என்பதும் திட்டத்தின் சலுகைதான். பாவாயியின் ஒரே மகள் பூங்கோதை எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒன்பது வயதில் அப்படிப் போனாள். புருஷனையும் பறிகொடுத்த பிறகு பாவாயிக்கு அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்? வனவெளிக்குள் போன் அலை கூடாது என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை மகளின் குரலைப் பதிந்து கொண்டுவந்து போட்டுக்காட்டுவார்கள். மூன்று வருஷமாக அதையும் காணோம்.

முந்தின நாள் மாலை ஊர்த்தலைவர் வெள்ளையன் வந்து வாசலில் நின்றார். பாவாயிக்கு மாமன் முறை.

“அம்மிணி, நாளைக்குப் பள்ளிக்கூடக் கூட்டம் வருது. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன், மனசு கேக்கல. பட்டியல்ல பூங்கோதை பேரு இருக்குது.”

பாவாயி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். “எம் பொண்ணா? இங்கயா?”

“இங்கதான். ஆனா நாளையோட இந்த வருச மதிப்பீடு முடியுது. ஒரு தலை தெரிஞ்சாலும் பட்டம் போயிரும். பட்டம் போனா கோபுரத்தைப் பிரிச்சு அடுத்த மலைக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க.”

“ஒரே ஒரு வாட்டி மாமா. அவ என்னையப் பாத்தாப் போதும். பேசக்கூட வேண்டாம்.”

“நாப்பத்தொரு வீடு தண்ணிக்கு எங்க போறது, நீயே சொல்லு. உள்ள இருந்து கண்ணு நெறையப் பாத்துக்க. உன் கால்ல வேணாலும் உழுகறேன்.”

அறுபது வயது மனிதர் சொன்னபடியே குனியவும் குனிந்தார். பாவாயி பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். வெளியே வர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். வெயில் தாங்கும் வெள்ளை உடுப்பு, முகம் முழுவதும் கறுப்புக் கண்ணாடி. பெற்றவளுக்கு முகமா வேண்டும்? இடது பாதத்தை லேசாக வெளியே திருப்பி வைக்கும் நடை, அப்படியே அப்பனுடையது. திரையின் இடுக்கில் கண்ணை வைத்திருந்த பாவாயி வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன உயரம் வளர்ந்துவிட்டாள்!

பூங்கோதை கூட்டத்தை விட்டு விலகி, நேராக வீட்டுக்கு எதிரே வந்து நின்றாள். அங்குமிங்கும் தேடினாள். “இங்க திரைக்குள்ள ஒரு ஊர் இருந்துச்சே, எங்க?” என்று கண்ணாடிக்குள் பேசும் வழிகாட்டிக் குரலைக் கேட்டாள்.

“இவ்வூர் மக்கள் மனமுவந்து வேறிடம் சென்றுவிட்டனர். நீங்கள் காண்பது தூய வனவெளி” என்றது குரல்.

பூங்கோதை அப்படியே பாறைமேல் உட்கார்ந்தாள். முகம் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. எட்டு வருஷம் அடக்கிய அடக்கமெல்லாம் பாவாயிக்கு அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. ஊராவது, பட்டமாவது! திரையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். பக்கத்து வீட்டுத் திரைக்குள்ளிருந்து “ஐயோ அம்மிணி” என்று வெள்ளையன் முனகினார்.

“கோதை! அம்மா வந்துட்டேன் சாமி!”

ஆள் தலை தெரிந்தால் ஊத வேண்டிய அபாயச் சங்கு ஊதவில்லை. மகள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பாவாயி முகத்துக்கு நேரே போய் நின்று கையை ஆட்டினாள். கறுப்புக் கண்ணாடி அவளுக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தோழி ஒருத்தி ஓடி வந்தாள். “அழுறியா? கண்ணாடியைக் கழட்டப் பாக்காத, தொங்கூர்தில ஏறுனாத்தான் பூட்டு திறக்குமாம். இந்த வருஷக் கண்ணாடி சூப்பர் தெரியுமா? நம்மளத் தவிர குறுக்க ஆள், கம்பி, குப்பை எது வந்தாலும் அழிச்சிட்டுக் காட்டைக் காட்டுமாம். அவங்க பேச்சுச் சத்தத்தைக்கூடக் காதுல விடாதாம்.”

“அழிக்கிறதுக்கு இங்க ஆள் ஏது?” என்றாள் பூங்கோதை.

பாவாயி மகளின் கையைப் பற்றினாள். தடித்த உடுப்புக்குள்ளே கை ஒரு தரம் சிலிர்த்தது. “காத்து பலமா அடிக்குது” என்று சொல்லி, கையை உதறிக்கொண்டு எழுந்தாள் அந்தப் பெண்.

வெள்ளையன் மெல்ல வெளியே வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் இன்னொரு வீடு. பதினோரு வருஷத்துக்குப் பிறகு பட்டப்பகலில் நெடுங்கோம்பை ஜனம் தன் தெருவில் நின்றது. பன்னிரண்டு பிள்ளைகளும் அவர்களுக்கு நடுவே புகுந்து, பறவையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள். யாரும் யார்மீதும் இடிக்கவில்லை. கண்ணாடி அவர்களுக்குப் பாதையை வளைத்து வளைத்துக் கொடுத்தது. இனி ஒளிய வேண்டியதில்லை என்று சந்தோஷப்படுவதா, ஒப்பாரி வைப்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பாவாயி மகளை ஒட்டியே நடந்தாள். அப்பன் செத்த விதத்தைச் சொன்னாள், வெள்ளாடு மூன்று குட்டி போட்டதைச் சொன்னாள், சோறு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். தொங்கூர்தி நிலையம் வரும்வரை அவள் வாய் ஓயவில்லை. மகளும் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நடந்து வந்தாள்.

கேட்டில் ஒரு பலகை ஒவ்வொருவரையும் கேட்டது: “இன்று வனவெளியில் மனிதர் யாரையேனும் பார்த்தீர்களா?”

மற்ற பிள்ளைகள் தட்டிவிட்டு ஓடினார்கள். பூங்கோதை திரும்பி நின்று மலையை நெடுநேரம் பார்த்தாள். ஆசிரியை அதட்டிய பிறகு, விரலை எடுத்துப் போய் ‘இல்லை’ என்பதில் வைத்தாள். பலகை பச்சையாயிற்று. நூற்றுக்கு நூறு, முதல்தரப் பட்டம் நீடிக்கிறது என்று எழுத்து ஓடியது.

“கோபுரம் தங்கிருச்சு அம்மிணி” என்றார் வெள்ளையன். சொல்லிவிட்டு அவர் பாவாயியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

தொங்கூர்திக்குள் பூட்டு திறந்தது. பூங்கோதை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். எட்டு வருஷம் கழித்துப் பாவாயி மகளின் முகத்தை முழுசாகப் பார்த்தாள். அழுது வீங்கிய கண், தன்னுடையது போலவே அகன்ற நெற்றி. மகளும் நேராக அவளைத்தான் பார்த்தாள். ஊர்தியின் சன்னலும் அதே கண்ணாடி என்பது பாவாயிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்த பிறகும் அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். பின்னால் நின்ற வெள்ளையன் ஆட்டினார், நாற்பத்தொரு வீட்டு ஜனமும் ஆட்டியது.

ஊர்தி கிளம்பிற்று. பூங்கோதை சன்னலில் நெற்றியைச் சாய்த்து, ஆளில்லாத காட்டைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே போனாள்.